காசிமிரின் ஒயின் தலைவலி தராது

குளிர்காலத்துக்கு எந்த ஒயின் வாங்கலாம் என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது, அவர்கள் வீட்டில் கணப்படுப்பு எந்த அறையில் இருக்கிறது என்பதைத்தான். பலருக்கு அது வேடிக்கையாக இருக்கும். ஒயினோடு கரியையும் சேர்த்துத் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கள் கடையில் இரண்டையும்தான் விற்கிறோம். இடது பக்கக் கதவு கரிக்கு, வலது பக்கக் கதவு ஒயினுக்கு. பாரிசில் எங்கள் ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் கடைகள் எல்லாம் இப்படித்தான். ஆனால் நான் அடுப்பைப் பற்றிக் கேட்பது கரி விற்பதற்காக அல்ல.

விசாரணை நீதிபதி ஐயா, போன வாரம் உங்கள் அறையில் நான் அழுதுகொண்டிருந்தபோது, "அந்த ஒயினை எதற்காக எடுத்தீர்கள், அதைப் பற்றி என்னென்ன தெரியும் என்பதை வீட்டுக்குப் போய் நிதானமாக எழுதிக் கொடுங்கள்" என்றீர்கள். நிதானமாகவே எழுதுகிறேன். முதலில் ஒயினைப் பற்றியும், அடுத்து என் தங்கையைப் பற்றியும், அதன் பிறகு அன்றைய விருந்தைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். வரிசை மாறினால் விஷயம் புரியாது.

துவர்ப்பு அதிகமான ஒயின் குளிர்ந்த அறையில் நாக்கைச் சுரண்டும். அதே ஒயினைக் கணப்பு இருக்கும் அறையில் மத்தியானத்திலிருந்து வைத்திருந்தால் சாயங்காலம் மெத்தென்று இறங்கும். ஆகவே கூரைக்குக் கீழே, நெருப்பில்லாத அறையில் குடியிருக்கும் தையல்காரிக்கு நான் பெரிய பெயருள்ள ஒயினைக் கொடுக்க மாட்டேன். அவள் அதைக் கையுறை போட்டுக்கொண்டு குடிப்பாள், கசக்கிறது என்பாள், ஏமாந்துவிட்டதாக நினைப்பாள். அவளுக்குத் துவர்ப்புக் குறைந்த, பழச்சாறு நிறைந்த, இந்த வருஷத்து ஒயின்தான் சரி. அது விலையும் குறைவு. இன்னொன்று, குளிரில் மூக்கு பாதி அடைத்துக் கிடக்கும். வாசனைக்கென்று கூடுதலாகக் காசு கொடுப்பவர்கள் ஏப்ரல் மாதம் வரை காத்திருப்பது நல்லது.

பாட்டிலைக் கணப்பின் மேல் வைத்துச் சூடாக்கக் கூடாது. சாராய நெடி முன்னால் வந்து நிற்கும், மற்றதெல்லாம் ஓடிவிடும். கம்பளிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினால் போதும். கிராம்பும் லவங்கப்பட்டையும் ஆரஞ்சுத் தோலும் போட்டுச் சுடவைப்பதற்குக் கடையில் இருப்பதிலேயே விலை குறைந்ததை வாங்கலாம், தவறில்லை. ஆனால் புளித்துப்போனதைப் போடக் கூடாது. சர்க்கரை புளிப்பை மறைக்கும் என்று நினைக்கிறார்கள். மறைக்காது, எடுத்துக் காட்டும்.

என் நிலவறையில் இந்தக் குளிர்காலத்தில் இரண்டு பீப்பாய்கள் இருந்தன. ஒன்று கப்பலில் அல்ஜீரியாவிலிருந்து வந்து, ஆற்றங்கரைக் கிடங்கில் வேறு பலவற்றோடு கலந்து விற்கப்படுவது. நாங்கள் அதைக் 'கறுப்பு' என்போம். சீக்கிரம் சூடேற்றும், மலிவு, மூட்டை தூக்குபவர்களுக்குப் பிடிக்கும். மறுநாள் காலையில் தலையைப் பிளக்கும். அதைத் தெரிந்தேதான் வாங்குகிறார்கள், யாரும் என்னிடம் வந்து குறை சொன்னதில்லை. இன்னொன்று காசிமிர் அனுப்பியது. அவர் எங்கள் அவேரோன் பக்கத்துக்காரர், எங்கள் அப்பாவோடு ராணுவத்தில் இருந்தவர். அவருடைய சரிவில் மண் செங்கல் நிறமாக இருக்கும். அந்த ஒயினில் கருந்திராட்சை வாசனையோடு இரும்பு வாசனையும் கொஞ்சம் வரும். புதிதாகக் குடிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், மூன்றாவது தடவை அவர்களே அதைக் கேட்டு வருவார்கள். லேசானது, குளிர்ந்த அறையிலும் முரண்டு பிடிக்காது. கொடுக்கிற காசுக்கு இதைவிட நல்ல ஒயினை இந்த நகரத்தில் யாராவது காட்டினால் நான் கடையை மூடிவிடுகிறேன்.

அது தலைவலி தராது. எங்கள் ஊர்க்காரர்கள் இதைச் சத்தியம்போலச் சொல்வார்கள். தயவுசெய்து இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஐயா. நான் எழுதவேண்டியதில் பாதி இதுதான்.

இனி என் தங்கை.

அபோலின் எனக்குப் பன்னிரண்டு வயது இளையவள். அம்மா இறந்தபோது அவள் சிறுமி. நான் அப்போதே கல்யாணமாகி இங்கே கவுண்டரில் நின்றுகொண்டிருந்தேன். என் கணவர் ஃபிர்மன் ஊருக்குப் போய் அவளைக் கூட்டிவந்தார். ரயிலிலிருந்து இறங்கியவள் கரி மூட்டைகளைப் பார்த்துவிட்டு, "இங்க எல்லாரும் கறுப்பா இருப்பாங்களாக்கா?" என்று கேட்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஃபிர்மனுக்கு நெஞ்சில் கரி படிந்து அவர் போன பிறகு, பின்கட்டு அறையில் அந்தப் பெரிய கட்டிலில் நாங்கள் இருவரும்தான் படுத்துக்கொண்டோம். தூக்கத்தில் அவள் கால் என் கால்மேல் வந்து விழும். நான் நகர்த்த மாட்டேன்.

எனக்கு ஒயின் தெரியும், அவளுக்கு மனிதர்களைத் தெரியும். கடை அப்படித்தான் நடந்தது. எங்கள் கட்டடத்தின் வாசற்காவல்காரி வாலந்தின், என் முகத்துக்கு நேராகவே சொல்வாள்: "நோயெமியம்மா, நீங்க ஊத்துனா அது ஒயின். அபோலின் ஊத்துனா அது விருந்து. கோவிச்சுக்காதீங்க."

"கோவம் என்ன? விருந்துக்கும் அதே விலைதான்" என்பேன் நான்.

போன இலையுதிர் காலத்தில் ஒக்தாவ் வந்தான். ரயில்வேக்காரன், எங்கள் தெருமுனையில் இருக்கும் ரயில் நிலையத்தில் வேலை, தெற்கே துலோன் பக்கம் சொந்த ஊர். முதல் நாள் கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றான். என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"அவங்க கையில என்ன இருக்கோ அது" என்றான், அபோலினைக் காட்டி.

"அவ கையில தரை துடைக்கிற துணி இருக்கு."

"அப்ப அதையே பிழிஞ்சு ஒரு கிளாஸ் ஊத்தச் சொல்லுங்க."

அபோலின் சிரித்தாள். அவள் எல்லோரிடமும் சிரிப்பவள்தான். ஆனால் அன்று அந்தச் சிரிப்பு முடிய நேரமானது, நான் கவனித்தேன்.

அவன் கெட்டவன் இல்லை. உங்கள் எதிரில் அவனைப் பற்றி நான் ஒன்றும் குறைவாகச் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. ஒயினில் தண்ணீர் கலந்து குடிப்பான், அவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்கு முன்பே அவனுக்கு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து மறுநாள் காலை ரயிலில் அபோலினையும் கூட்டிக்கொண்டு போவதாகவும், அவன் தாயார் வீட்டில் வைத்துக் கல்யாணம் என்றும் முடிவாயிற்று. என்னிடம் கேட்டு முடிவு செய்யவில்லை. சொன்னார்கள்.

"அக்கா, அங்க ஜனவரி மாசம்கூட வாசல்ல நாற்காலி போட்டு உக்காரலாமாம்" என்றாள் ஒரு நாள், பாட்டில்களைக் கழுவிக்கொண்டே. அவள் விரல்கள் தண்ணீரில் வெடித்துச் சிவந்திருந்தன.

"உக்காந்து என்னடி பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். சும்மா உக்காருவேன். நீ ஒரு நாளாவது சும்மா உக்காந்து நான் பாத்ததில்ல."

"கரிக்கடைக்காரிக்கு வெயில் எதுக்கு?"

"அங்க கரிக்கடையே கிடையாதாம்க்கா. யாருக்கும் தேவையில்லையாம்." அதற்குப் பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "நீயும் வாயேன்" என்றாள்.

ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். நான், "பீப்பாயை யார் பாத்துக்கறது?" என்றேன். அவள் மறுபடி கேட்பாள் என்று சில நாட்கள் எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. பெட்டி வாங்கிவந்துவிட்டாள்.

ஐயா, ஒரு பெண்ணைப் போகவிடாமல் தடுக்க எத்தனையோ வழி இருக்கிறது. அழலாம், சண்டை போடலாம், நோய்வாய்ப்பட்டுப் படுத்துக்கொள்ளலாம். நான் எதற்கும் பழக்கப்பட்டவள் அல்ல. நான் யோசித்தது எளிமையானது. ஒக்தாவ் அந்த ரயிலில் போயே ஆகவேண்டும், வேலைக்குச் சேரவேண்டிய நாள் அது. அன்று காலை அபோலினால் எழுந்திருக்க முடியாமல் போனால் அவன் தனியாகப் போவான். உடம்பு தேறியதும் வரச் சொல்லிக் கடிதம் எழுதுவான். இவள், பனி குறையட்டும் என்பாள். பிறகு ஈஸ்டர் ஆகட்டும் என்பாள். தண்ணீர் கலந்து குடிக்கிற மனிதனின் பிரியம் எவ்வளவு நாள் தாங்கும் என்று எனக்கு ஓர் அளவு இருந்தது.

அவளுக்கு ஒரு தலைவலி வந்தால் போதும். பெரிய தலைவலி.

தலைவலி எப்படி வரும் என்பது கரி விற்பவர்களுக்குத் தெரியும். கணப்பின் புகைக்குழாயில் ஒரு திருகு இருக்கிறதே, அதை மூடினால் சூடு வெளியே போகாது, கரி மிச்சமாகும், புகை மட்டும் அறையிலேயே தங்கும். அந்தப் புகை கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. ஃபிர்மன் ஒவ்வொரு மூட்டையை இறக்கும்போதும், முதுகு நிமிர்வதற்கு முன்பே சொல்லிவிடுவார்: "ராத்திரி திருகை முழுசா மூடாதீங்கம்மா. கரி கூடச் செலவானா ஆகட்டும்."

"கரி விக்கிறவன் வேற என்ன சொல்லுவான்" என்று அவர் காதில் விழும்படியே சிரிப்பார்கள்.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் யாராவது ஒருவர் மூடுவார். இரண்டு முறை கதவை உடைத்துத் தூக்கிவர ஃபிர்மனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். முதல் முறை போய்விட்டு வந்து அவர் சாப்பிடவில்லை. முதலில் தலை கனக்குமாம், பிறகு கால் சொன்னபடி கேட்காதாம், பிறகு தூக்கமாம். தலை கனக்கும்போதே யாராவது ஜன்னலைத் திறந்துவிட்டால் மறுநாள் மத்தியானத்துக்குள் சரியாகிவிடுமாம். தூங்கிய பிறகு திறந்து பிரயோசனமில்லையாம். எனக்கு வேண்டியிருந்தது அந்த முதல் கட்டம் மட்டும்தான்.

இப்போது ஒயின் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியே அதுதான்.

திருநாளன்று சாயங்காலம் பின்கட்டு அறையில் ஒரு சின்ன விருந்து வைத்தேன். ஒக்தாவ், வாலந்தின், ஃபிர்மனுக்குப் பிறகு எங்களுக்கு மூட்டை தூக்கும் பிரோஸ்பெர், நாங்கள் இருவர். விருந்துக்கு முன்னால் விளக்கை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கி, இரண்டு பீப்பாய்களுக்கும் நடுவில் நின்றேன்.

யோசித்துப் பார்த்தால் கறுப்பைத்தான் எடுத்திருக்க வேண்டும். கறுப்பைக் குடித்தவர்களுக்குத் தலை வலித்தால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவளுக்கு வலித்தாலும், விருந்தாளிகளுக்குச் சேர்ந்து வலித்தாலும், "கறுப்பு ஊத்திட்டாங்க, கஞ்சத்தனம்" என்று என்னைத் திட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இதையெல்லாம் நான் அங்கே நின்று தெளிவாக யோசித்தேன். கறுப்பின் குழாயடியில் குவளையையும் வைத்தேன்.

திருக முடியவில்லை. இந்த வீட்டில் அவள் குடிக்கப்போகும் கடைசி ஒயின். அதற்குப் போய் அந்தக் கலப்படத்தை எப்படி ஊற்றுவது? அவள் பிறந்தபோது எங்கள் வீட்டில் எது ஊற்றினார்களோ, அவளுக்கு எது பிடிக்குமோ, அதைத்தானே கொடுக்கவேண்டும். குவளையை எடுத்துக் காசிமிரின் பீப்பாயடியில் வைத்தேன். என் தொழிலில் நான் செய்த ஒரே தவறு அதுதான். வேறு ஊர்க்காரியாக இருந்தால் செய்திருக்க மாட்டாள்.

உருளைக்கிழங்கை மசித்து, ஊர்ப் பாலாடைக்கட்டியைச் சேர்த்து, நூல் நூலாக இழுபடும்வரை கிண்டினேன். பிரோஸ்பெர் நாற்காலியில் ஏறி நின்று அதைக் கரண்டியால் இழுத்துக் காட்டினான். ஜன்னல் இடுக்குகளில் வழக்கம்போலப் பழந்துணி செருகியிருந்தது. வெளியே கால்வாய் உறைந்துகிடந்த வாரம் அது. ஒக்தாவ் கிளாஸில் தண்ணீர் ஊற்றினான்.

"யோவ், அதுல மீன் வளக்கப் போறியா?" என்றான் பிரோஸ்பெர்.

"எங்க ஊர்ல இப்படித்தான்யா."

"உங்க ஊர்ல ஒயினும் அப்படித்தான்."

"வாங்க ஒரு தடவை, பாருங்க. எங்க ஊர்ல ஒயினே வேண்டாம், வெயிலே போதை."

"பொண்ணைத் தூக்கிட்டுப் போறவன் பேச்சு எப்பவும் இப்படித்தான் இருக்கும்" என்றாள் வாலந்தின். "கல்யாணத்துக்கு அப்புறம் பாரு, வெயில்ல நிக்க வெச்சு மீன் கழுவச் சொல்லுவான்."

அபோலின் அவன் பக்கம் திரும்பி, "கழுவச் சொல்லுவியா?" என்றாள்.

"பாதி நான் கழுவறேன்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து கணப்பில் கரி போட்டேன். முதுகு அவர்கள் பக்கம் இருந்தது. திருகை மூடினேன். கரிக்கடையில் யாராவது கணப்புக்கு முன்னால் குனிந்து நின்றால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கொஞ்ச நேரத்தில் வாலந்தின் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "தலை கிண்ணுனு இருக்கே நோயெமியம்மா." பிரோஸ்பெரும் தலையைப் பிடித்துக்கொண்டு தட்டைத் தள்ளி வைத்தான். எனக்கும் வலித்தது. பாலாடைக்கட்டி அதிகமாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள், காலையில் ரயில் இருக்கிறதே என்று சீக்கிரமே எழுந்தார்கள். ஒக்தாவ் வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஸ்டேஷனில் எந்தக் கடிகாரத்துக்குக் கீழே நிற்பான் என்பதை மறுபடி சொன்னான்.

அபோலின் உடுப்பை மாற்றாமலே கட்டிலில் சாய்ந்துவிட்டாள். நான் செங்கல்லைச் சுடவைத்துத் துணியில் சுற்றி அவள் காலடியில் வைத்தேன். போர்வையை இழுத்துவிட்டேன்.

"அக்கா, தலை வலிக்குது."

"தூங்கு, சரியாயிடும்."

"காசிமிர் ஒயினுக்கே தலை வலிக்குதுன்னா, நான் துலோன்காரி ஆயிட்டேன் போல." சிரிக்கப் பார்த்தாள். "நீ படுக்கலையா?"

"மாடியில ஜூவ் அம்மாவுக்குச் சளி நெஞ்சுல கட்டியிருக்கு. துணைக்கு இருக்கேன்னு சொல்லிட்டேன்."

"நல்லவக்கா நீ." கண்ணை மூடிக்கொண்டாள். "காலையில எழுப்பி விட்ரு."

"எழுப்பறேன்" என்றேன்.

ஜூவ் அம்மாளுக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லை. அதில் பொய் இல்லை. நான் அவருக்கு நெஞ்சில் கடுகுப்பற்றுப் போட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டிருந்தேன். கீழே போய்த் திருகைத் திறக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். ஒவ்வொரு தடவையும், இன்னும் கொஞ்சம் வலி இருந்தால்தான் காலையில் எழுந்திருக்க மாட்டாள் என்று தோன்றியது. அதற்குப் பிறகு நானும் கண் அயர்ந்துவிட்டேன். அப்படித்தான் உங்களிடம் சொன்னேன். இப்போது வரிசையாக எழுதும்போது, அன்று இரவு முழுதும் ஜூவ் அம்மாளின் இருமல் ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

விடிந்ததும் இறங்கிப் போனேன். முதலில் திருகைத் திறந்தேன். பிறகு ஜன்னல் துணிகளை எடுத்துவிட்டு, ஜன்னலை விரியத் திறந்தேன். பனிக்காற்று உள்ளே வந்து அவள் முடியை அசைத்தது. அறை நன்றாகக் குளிரும்வரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலைச் சாத்திவிட்டு, துணிகளை இருந்த இடத்தில் செருகிவிட்டு, வாலந்தினைக் கூப்பிடப் போனேன்.

வாலந்தின் வந்து பார்த்துவிட்டு, "ஐயோ, கல்யாணப் பொண்ணு மாதிரி கன்னம் சிவந்து கிடக்காளே" என்று அழுதாள். ஃபிர்மன் சொன்னதும் அந்தக் கன்னங்களைப் பற்றித்தான். புகையில் இறந்தவர்கள், குளிரிலிருந்து இப்போதுதான் உள்ளே வந்தவர்கள் போல இருப்பார்கள் என்று சொல்லியிருந்தார். வந்த டாக்டர் இளைஞர். கணப்பைத் தொட்டுப் பார்த்தார், திருகைப் பார்த்தார், திறந்திருந்தது. இதயம் நின்றிருக்கலாம் என்று எழுதினார். ஒக்தாவ் ரயிலை விட்டுவிட்டு ஓடிவந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கரி மூட்டைகளுக்கு நடுவில் நின்றான். அவனுக்கும் தலை வலித்துக்கொண்டிருந்தது என்று யாரோ கேட்டதற்குச் சொன்னான்.

அந்த இடத்தில்தான் என் தவறு வெளியே வந்தது. நான்கு பேருக்கும் தலைவலி, ஒருத்தி இறந்துகிடக்கிறாள். கறுப்பு ஊற்றியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் போலீஸ்காரர் கேட்டபோது, எங்கள் பிரோஸ்பெர், வஞ்சகம் இல்லாதவன், மார்பில் அடித்துக்கொண்டு சொன்னான்: "காசிமிர் ஒயின் குடிச்சு எங்க ஊர்ல ஒருத்தனுக்கும் தலை வலிச்சதில்ல சார். என் தாத்தாவுக்கு வலிச்சதில்ல, எங்கப்பாவுக்கு வலிச்சதில்ல. இந்தத் தடவை அதுல யாரோ என்னமோ கலந்திருக்காங்க."

பீப்பாய்க்கு முத்திரை வைத்தீர்கள். காசிமிரை வரச் சொன்னீர்கள்.

போன வாரம் உங்கள் அறைக்கு வெளியே நடைபாதையில் அவரைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தார். கோட்டுக்குள் ஒரு பாட்டில். எந்தப் பீப்பாயிலிருந்து எனக்கு அனுப்பினாரோ, அதன் ஜோடிப் பீப்பாயிலிருந்து எடுத்து வந்தது. உங்கள் எதிரிலேயே குடித்துக் காட்டவேண்டும் என்று சேவகனிடம் கிளாஸ் கேட்டிருக்கிறார். அவன் தரவில்லை.

"நோயெமி" என்றார். "உன் தங்கச்சி ஞானஸ்நானத்துக்கு ஊத்துனது எங்க தோட்டத்து ஒயின்தாம்மா. அவளுக்கு நான் விஷம் வெப்பனா?"

"இல்ல மாமா."

"ஊர்ல ஒருத்தரும் பீப்பாய் எடுக்க வரல. முன்பணம் குடுத்தவங்க திருப்பிக் கேக்கறாங்க. கொடியெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு மாடு மேய விட்ரலாம்ங்கறான் என் மகன். நீ அதை ருசி பாத்தியில்ல? நீயாவது சொல்லும்மா. அதுல என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல மாமா" என்றேன்.

"அப்ப அதை அவர்கிட்ட சொல்லு."

உள்ளே வந்து உங்களிடம் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. அழுதேன். நீங்கள் தண்ணீர் கொடுத்து, எழுதச் சொன்னீர்கள்.

ஐயா, கடையில் நிற்கும் இத்தனை வருஷத்தில் ஒயினைப் பற்றி நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை. புளித்ததைப் புளித்தது என்று சொல்லி ஊற்றிக் கொட்டியிருக்கிறேன். கறுப்பை வாங்குபவரிடம், நாளைக்குத் தலை வலிக்கும் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். சோதனைச்சாலை முடிவு வரும்போது அதில் ஒன்றும் இருக்காது. ஆனால் அதற்குள் காசிமிரின் கொடிகள் போய்விடும். முடிவு வந்த பிறகும், அவர் ஒயினைக் குடித்து ஒரு பெண் செத்தாள் என்பதுதான் ஊரில் நிற்கும். அதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

எனவே இதை அவருக்காக எழுதுகிறேன். அந்தப் பீப்பாயில் திராட்சையைத் தவிர எதுவும் இல்லை. யாரும் எதையும் கலக்கவில்லை. என் தங்கையைக் கொன்றது கணப்புப் புகை. குழாய்த் திருகை மூடியது நான், காலையில் திறந்ததும் நான். பிரோஸ்பெருக்கோ வாலந்தினுக்கோ ஒக்தாவுக்கோ எதுவும் தெரியாது. முத்திரையை எடுத்துவிடச் சொல்லுங்கள். பாதி எடுத்த பீப்பாய் வெயில் காலம்வரை தாங்காது, மார்ச்சுக்குள் பாட்டிலில் அடைத்துவிட வேண்டும். பிரோஸ்பெருக்கு அந்த வேலை தெரியும்.

ஒக்தாவ் துலோன் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அபோலினின் பெட்டியை அவனுக்கு அனுப்பிவைக்கலாமா என்று தெரியவில்லை. அது இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நான் அந்தக் கட்டிலில்தான் படுக்கிறேன், என் பக்கத்தில் மட்டும்.

நான் அவளைக் கொல்ல நினைக்கவில்லை. அவள் என்னோடு இருக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் தலைவலி, அதற்கு மேல் ஒன்றுமில்லை. இதைத் தாங்கள் நம்பவேண்டும்.

கடைசியாகத் தாங்கள் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கிறது. அன்று நான் மாடிக்கு வந்தபோது எங்கள் பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு வந்ததாகவும், அதற்கு முன்பு ஒரு நாளும் அப்படிக் கொண்டுவந்ததில்லை என்றும் ஜூவ் அம்மாள் சொல்லியிருக்கிறாராம். உண்மைதான். அது கணப்புக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அபோலின் இளவயதுக்காரி, திடமானவள், தாங்கிக்கொள்வாள் என்று இருந்தேன். பூனைக்கு வயதாகிவிட்டது ஐயா, அது விடியும்வரை தாங்காது.